கொத்துத் தலைவலி: அட்டாக்குகளுக்கு நடுவே விடாமல் நிற்கும் 'நிழல்' வலிக்கு என்ன செய்வது?

#1 சாளரம்

கொத்துத் தலைவலி என்பது ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வரும் கடும் வலி. அதன் அட்டாக் வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேசியாயிற்று. அட்டாக் அடங்கிய பிறகு மிச்சம் நிற்பதைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. அதே பக்கக் கண்ணுக்குப் பின்னால் மந்தமான அழுத்தம், பொட்டில் இழுப்பு, ஒரு துளையில் மட்டும் மூக்கடைப்பு, பாதி தொங்கும் இமை, சீப்பு பட்டாலே கூசும் தலை, பிடரி இறுக்கம், அடித்துப் போட்டது போன்ற அசதி. நோயாளிகள் இதைத்தான் 'நிழல்' என்கிறார்கள்.

மூன்று கேள்விகள்.

ஒன்று, நிழல் எது, கிளம்பப் போகிற அட்டாக் எது என்று எப்படிப் பிரித்தறிவது? இரண்டு, நிழலுக்கு மருந்து போடலாமா? மூன்று, எந்த நிலையில் இதை நிழல் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

தெரிந்தவர்கள் அளவு, நேரம் எல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள்.

#2 நரம்புநூல்

முதல் கேள்விக்கு முன், இது ஏன் மிச்சம் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் எதைச் செய்யக்கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

அட்டாக் என்பது 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை. ஒன்று விட்டு ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து ஒரே நாளில் எட்டு வரை வரலாம். அந்த நேரத்தில் முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பும், கண்ணீரையும் மூக்குநீரையும் சுரக்க வைக்கும் தன்னியக்க நரம்பும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு ஓடுகின்றன. வலி நின்றதும் அந்தச் சுற்று உடனே வெறுமையாகிவிடுவதில்லை. முக்கிளை நரம்பின் தகவல் போய்ச் சேரும் மூளைத்தண்டுப் பகுதியில்தான் கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் வந்து முடிகின்றன. அதனால்தான் கண்ணுக்குப் பின்னால் வலிப்பவருக்குப் பிடரியும் இறுகுகிறது. அந்தப் பகுதி கூச்சம் ஏறிக் கிடக்கும்போது சீப்பும் மூக்குக்கண்ணாடிக் காம்பும் வலியாகத் தெரியும்.

இமைத் தொங்கலும் சுருங்கிய கண்மணியும் வேறு வழியில் வருபவை. கண்ணுக்குப் போகும் பரிவு நரம்பு, கழுத்துத் தமனியின் சுவரை ஒட்டியே போகிறது. அட்டாக்கில் அது நசுங்கி மந்தமாகிறது. அடுத்தடுத்து அட்டாக் வந்தால் மீள நேரம் கிடைக்காமல், நடு இடைவெளியிலும் இமை லேசாகத் தாழ்ந்தே இருக்கும்.

சைனஸ் என்று நினைத்து மூக்கையும், பல் என்று நினைத்துக் கடைவாயையும் குடைவது இந்த வலியில் காலங்காலமாக நடக்கும் தவறு. மூக்கு அடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அடைப்பு நரம்பிலிருந்து வருகிறது, சளியிலிருந்து அல்ல.

#3 குறிப்பேடு

பிரித்தறிய எண் வைத்துப் பார்ப்பதே சிறந்த வழி. 'லேசாக இருக்கிறது' என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொருள் தரும்.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். நிழல் பெரும்பாலும் 1 முதல் 3 வரை நின்று, மணிக்கணக்கில் அதே மட்டத்தில் கிடக்கும். அட்டாக் அப்படி நிற்காது, ஏறும். நான் சொல்லும் விதி இது: ஐந்து நிமிடத்தில் இரண்டு மதிப்பெண் ஏறினால் அட்டாக். எண் என்னவாக இருந்தாலும் அந்தக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டாலோ, உட்கார முடியாமல் கால் நடக்கத் தேடினாலோ அதுவும் அட்டாக்தான். இருப்புக்கொள்ளாமை முக்கியமான அடையாளம். ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டில் அசையாமல் படுப்பார், இந்த வலி ஆளை நடமாட வைக்கும். நிழலில் மனிதர் சலிப்பாக இருப்பார், ஆனால் உட்கார்ந்திருப்பார்.

அட்டாக் தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே கொட்டாவி, கழுத்து இறுக்கம், கவனம் சிதறல், எரிச்சல் என்று தலைகாட்டுவது பலருக்கு உண்டு. இவை நிழலின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால்தான் குழப்பம். ஒரு தொடரில் (அட்டாக்குகள் அடுத்தடுத்து வரும் காலம்) பத்து நாள் எழுதி வைத்தால் உங்கள் ஒழுங்கு பிடிபடும்.

எழுத வேண்டியவை: தேதி, தொடங்கிய மணி, எந்தப் பக்கம், உச்ச மதிப்பெண், எத்தனை நிமிடம், போட்ட மருந்தும் அளவும், மருந்துக்குப் பின் எத்தனை நிமிடத்தில் இறங்கியது. நிழலுக்குத் தனிப் பத்தி வையுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்றே எண் போதும். அட்டாக்கையும் நிழலையும் ஒரே பத்தியில் எழுதினால் மருத்துவரால் எதையும் படித்தெடுக்க முடியாது.

#4 அந்திவானம்

நிழல் வந்ததும், அட்டாக்கை நிறுத்தக் கொடுக்கும் சுமாட்ரிப்டன் மருந்தின் 50 மி.கி. மாத்திரை ஒன்று போட்டால் அட்டாக்காக மாறாமல் தடுக்கலாம் என்று ஒரு கருத்து உண்டே?

#5 மருந்துப்பெட்டி

#4-க்கு: வேண்டாம். விவரமாகச் சொல்கிறேன்.

மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்குள் அட்டாக் பாதி ஓடிவிடும். அதனால்தான் அட்டாக்குக்கே தோலடி ஊசி 6 மி.கி. அல்லது மூக்கு ஸ்ப்ரே கொடுக்கிறார்கள். தடுப்பாகவும் பயனில்லை. தொடர் ஓடும்போது சுமாட்ரிப்டன் 100 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990-களிலேயே நடந்தது. அட்டாக்கின் எண்ணிக்கையும் குறையவில்லை, கடுமையும் குறையவில்லை.

ஊசியை நிழலுக்குச் செலவழிப்பது இன்னும் மோசம். 24 மணி நேரத்தில் இரண்டு ஊசிக்கு மேல் கூடாது, இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். மதியம் 2 மதிப்பெண் வலிக்கு ஒன்றைப் போட்டுவிட்டால், நள்ளிரவு 10 மதிப்பெண் வலிகள் இரண்டு வரும்போது கையில் ஒன்றுதான் மிஞ்சும். இதய ரத்தக்குழாய் நோய், பக்கவாதம், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு டிரிப்டனே (சுமாட்ரிப்டன் வகை மருந்துகள்) கூடாது.

இன்னொரு சிக்கல், மருந்தே வலியை வளர்ப்பது. டிரிப்டன் மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும், சாதாரண வலிநிவாரணி 15 நாளும் அதற்கு மேலும் என்று மாதக்கணக்கில் போனால், தினமும் நிற்கும் மந்தமான வலி ஒன்று தனியாக உருவாகலாம். தனக்கோ குடும்பத்திலோ ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். அதுவும் நிழல் போலவே இருக்கும். அந்த நிழலை உண்டாக்கியது மாத்திரை, அதைத் தீர்க்க மேலும் மாத்திரை என்று சுற்ற ஆரம்பித்துவிடும்.

மருந்துகளில் மிகவும் கவனிக்க வேண்டிய மூன்று சேர்க்கைகள்:

அட்டாக்கைத் தடுக்க லித்தியம் எடுப்பவர் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் ஆகிய வலிநிவாரணிகளைப் போடக்கூடாது. சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதை இவை குறைக்கும், ரத்தத்தில் அளவு ஏறும். கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் அதே மாத்திரைகளைச் சேர்த்தால் இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம்.

அட்டாக்கைத் தடுக்கத் தினமும் வெராபமில் எடுப்பவருக்கு 'சைனஸ்' என்று கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தால், வெராபமில் உடம்பில் சிதைவது தடைபட்டு அழுத்தமும் நாடியும் ஆபத்தாக இறங்கலாம். மருந்துச்சீட்டு எழுதும் ஒவ்வொருவரிடமும் முதலில் வெராபமில் பெயரைச் சொல்லுங்கள். கிரேப்ஃப்ரூட் சாறும் இதே வேலையைச் செய்யும்.

நிழலுக்கு எதையாவது போட்டே ஆக வேண்டும் என்றால், கல்லீரல் நன்றாக இருப்பவருக்குப் பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி., எப்போதாவது. எல்லா வடிவத்திலும் சேர்த்து நாளுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. பெரிய பலன் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#6 வெண்குழாய்

ஆக்சிஜன் பற்றி யாராவது கேட்பதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

அட்டாக்குக்கு நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க் (விட்ட மூச்சை மறுபடி இழுக்க விடாதது), 15 முதல் 20 நிமிடம். 2009-ல் வெளியான ஆய்வில் 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் கொடுத்தபோது 78 சதவீத அட்டாக்குகளில் போதிய நிவாரணம் கிடைத்தது, வெறும் காற்றில் 20 சதவீதம். அந்த ஆய்வு பார்த்தது அட்டாக்கை. நிழலை அல்ல.

10 லிட்டர் கொள்ளளவு உள்ள சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன். 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் என்றால் ஒரு தடவைக்கு 180 லிட்டர். ஆக ஒரு சிலிண்டர் எட்டு அட்டாக்குக்கு வரும். முள் 50 பாரைத் தொட்டால் மிச்சம் 500 லிட்டர், இரண்டு அட்டாக்குக்கு உறுதி, மூன்றாவதற்குப் போதாது. அப்போதே மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது யோசியுங்கள். நாளெல்லாம் நிற்கும் நிழலுக்கு மாஸ்க்கை மாட்டினால் சிலிண்டர் ஒரே நாளில் தீர்ந்துவிடும். #3-ல் சொன்ன விதிப்படி ஏறுமுகம் தெரிந்தால் தயங்காமல், முழு வேகத்தில் உடனே ஆரம்பியுங்கள். அட்டாக் முற்றிய பிறகு மாட்டினால் பலன் குறையும். ஏறாமல் நிற்கும் 2 மதிப்பெண்ணுக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆக்சிஜன் நிழலைக் குறைக்க உதவும். வலி நின்றவுடன் மாஸ்க்கைக் கழற்றாமல் மேலும் ஐந்து நிமிடம் மூச்சு இழுங்கள். பாதியில் நிறுத்தினால் அடங்கிய அட்டாக் அரைகுறையாகத் திரும்பி வருவது வழக்கம். 'அட்டாக்குக்குப் பின் நிழல்' என்று பலர் எழுதுவது முடியாத அட்டாக்கின் வாலாகவே இருக்கும்.

வேலை செய்யவில்லை என்றால் பார்க்க வேண்டியது: மூக்கில் செருகும் குழாயா (போதாது), ரெகுலேட்டர் 15 லிட்டர் வரை திறக்கிறதா, மூச்சு இழுக்கும்போது பை முழுக்க ஒட்டிப்போகிறதா (வேகம் போதவில்லை), மாஸ்க்கின் பக்கத்து ரப்பர் வால்வு காணாமல் போயிருக்கிறதா (அறைக் காற்று கலக்கிறது). நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் வீட்டு ஆக்சிஜன் கருவி இதற்குப் பயன்படாது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதியில்லாமல் இந்த அளவைத் தொடக்கூடாது. புகையும் நெருப்பும் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

#7 சாளரம்

தலை கூச்சத்தில் மாஸ்க்கின் ரப்பர் பட்டையே வலிக்கிறது என்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கண்ணீர் பட்டுத் தோலும் எரிகிறது. என்ன செய்யலாம்?

#8 வெண்குழாய்

பட்டையை மாட்டவே வேண்டாம். முன்னால் குனிந்து உட்கார்ந்து, மாஸ்க்கைக் கையால் அழுத்திப் பிடியுங்கள். விளிம்பும் நன்றாகப் பொருந்தும்.

தோல் எரிச்சலுக்குப் பலர் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறார்கள். ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் முகத்தில் அதைத் தடவவே கூடாது. எண்ணெய்ப் பசையும் செறிந்த ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பு போதும். சிலிண்டர் வால்வைத் தொடும் கையிலும் எண்ணெய், கிரீம் கூடாது. கண்ணீரைத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

#9 இமையோரம்

கண், மூக்குப் பக்கம் நான் சொல்கிறேன்.

நடு இடைவெளியில் கண் உறுத்தினால் பாதுகாப்பு ரசாயனம் சேராத செயற்கைக் கண்ணீர், நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை. 'சிவப்பு போக்கும்' சொட்டு மருந்து வேண்டாம். அது ரத்தக்குழாயைச் சுருக்கும், விட்டதும் முன்னைவிடச் சிவக்கும். கண்மணியின் அளவையும் மாற்றிவிடக்கூடும் என்பதால் மருத்துவர் பார்க்கும்போது படம் குழம்பும்.

வெளிச்சம் கூசினால் வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். வீட்டுக்குள்ளும் நாளெல்லாம் போட்டிருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் வளரும்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்: கொதிக்க வைத்து ஆறிய 240 மி.லி. தண்ணீரில் அயோடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள், அதில் அமீபா இருந்தால் மூளைக்கே போகும். அடைப்பு நீக்கும் ஸ்ப்ரே மூன்று நாளைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அந்த ஸ்ப்ரேயே அடைப்பை உண்டாக்கும். மூக்கடைப்பு நீக்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரையையும் டிரிப்டனையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள், இரண்டுமே குழாயைச் சுருக்குபவை.

இமைத் தொங்கலுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஆனால் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை, நேராகப் பார்த்தபடி, நல்ல வெளிச்சத்தில் ஒன்று, மங்கலில் ஒன்று. இந்த நரம்புக் கோளாறில் இரு கண்மணிகளுக்கும் உள்ள வித்தியாசம் மங்கலில்தான் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் பாதிக்கப்பட்ட கண்மணியால் விரிய முடியாது. தொடர் முடிந்தும் வித்தியாசம் போகவில்லை என்றால் படங்களோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வலியோடு கண்மணி சுருங்காமல் விரிந்து நின்றால், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால், பார்வை மங்கினால், வாந்தி வந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். அன்றே கண் மருத்துவமனை.

#10 தென்றல்வழி

கழுத்துக்கும் அசதிக்கும்?

#11 நரம்புநூல்

பொட்டுக்குக் குளிர் ஒத்தடம், துணி சுற்றிய ஐஸ், ஒரு தடவை 10 நிமிடம். தோல் மரத்துப்போனால் எடுத்துவிட வேண்டும். பிடரிக்கு மிதமான ஒத்தடம் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் உடல் சூடேறுவதே சிலருக்கு அட்டாக்கைத் தூண்டும். வெந்நீர்க் குளியலுக்குப் பின் அட்டாக் வந்ததாகக் குறிப்பேட்டில் இரண்டு முறை இருந்தால் சூட்டை முழுக்க விட்டுவிடுங்கள்.

கழுத்தைச் சொடக்கித் திருப்பும் சிகிச்சைக்குத் தயவுசெய்து போகாதீர்கள். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் ஒரு பக்கக் கழுத்து வலி, இமைத் தொங்கல், சுருங்கிய கண்மணி எல்லாம் வரும். ஏற்கெனவே அவை இருக்கும் நோயாளியிடம் அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பக்கவாதம் வரும்வரை. தோளை மெதுவாகச் சுழற்றுவது, முகவாயைப் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்துவது, பத்து முறை. அதுவே போதும்.

அசதியோடு மல்லுக்கட்டும்போது பகல் தூக்கம் இழுக்கும். பலருக்கு அதுதான் அடுத்த அட்டாக்கின் வாசல். படுக்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். குறட்டை, மூச்சு நின்று எழுவது இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள், இந்த நோயும் தூக்கத்தில் மூச்சடைப்பும் அடிக்கடி சேர்ந்தே காணப்படுகின்றன. தூக்க ஹார்மோனான மெலடோனின் இரவில் 10 மி.கி. சிறிய ஆய்வு ஒன்றில் சிலருக்கு அட்டாக்கைக் குறைத்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு எடுங்கள்.

தொடர் ஓடும் வரை மது ஒரு வாய்கூட வேண்டாம். நிழல் மட்டும்தானே என்று தொட்டால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அட்டாக் வரும். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரோகிளிசரினும் ஆண்மைக்குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாஃபிலும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

#12 மருந்துப்பெட்டி

அசதி எல்லாவற்றையும் நோயின் மேல் போட வேண்டாம். பாதி மருந்தினால் வருவது. ஊசிக்குப் பின் மார்பு, கழுத்தில் பாரமும் மயக்கமும் பெரும்பாலும் சிறிது நேரத்தில் போகும்; போகாத மார்பு வலி அவசரம். வெராபமில் மலச்சிக்கல், கணுக்கால் வீக்கம், நாடி குறைவு, தலைசுற்றல் தரும். இன்னொரு தடுப்பு மருந்தான டோபிரமேட் விரல் நுனியில் மதமதப்பையும், வார்த்தை தேடித் தடுமாறுவதையும். பிரெட்னிசோலோன் தூக்கத்தைக் கெடுக்கும். மருந்து போட்ட எத்தனை மணி நேரத்தில் அறிகுறி வருகிறது என்று ஒரு வாரம் எழுதினால் எது எதனுடையது என்று பிரிந்துவிடும்.

#13 குறிப்பேடு

சாளரத்தின் மூன்றாவது கேள்வி. என் கருத்தில் இதுதான் இந்த இழையின் மையம்.

தினமும் நிற்கும் நிழல், தடுப்பு மருந்தின் அளவு போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அதை வலிநிவாரணியால் மூடினால் அந்தத் தகவல் மருத்துவரைச் சேராது. வெராபமில் பொதுவாக 80 மி.கி. மூன்று வேளை என்று தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 80 மி.கி. கூட்டுவார்கள். தொடங்கும் முன்பும், ஒவ்வொரு முறை கூட்டிய பிறகு சுமார் 10 நாளிலும் ஈசிஜி வேண்டும், இதயத்தின் மின்கடத்தல் தாமதமாகிறதா என்று பார்க்க. தானாகக் கூட்டுவது உயிருக்கு ஆபத்து.

ஸ்டீராய்டு படிப்படியாகக் குறையும்போது எந்த நாளில் நிழல் திரும்புகிறது என்பதையும் குறியுங்கள். 100 மி.கி. ஐந்து நாள், பிறகு மூன்று நாளுக்கு 20 மி.கி. வீதம் இறக்குவது ஆய்வில் பயன்பட்ட முறை. 40 மி.கி.-க்கு இறங்கும்போது நிழல் தலைகாட்டினால் வெராபமில் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள், அட்டாக் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

#14 நரம்புநூல்

அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வலி மூன்று மாதமாக ஒரு நாளும் 0-வுக்கு வரவே இல்லை, அதன்மேல் கடுமையான ஏற்றங்கள் வருகின்றன என்றால், நோயே வேறாக இருக்கலாம். ஒரு பக்கத் தொடர் தலைவலி என்று ஒன்று உண்டு. அதிலும் கண்ணீர், இமைத் தொங்கல் வரும். ஆனால் அது இபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த இன்டோமெதசினுக்கு முழுமையாக அடங்கும். மருத்துவர் இரைப்பைப் பாதுகாப்பு மாத்திரையோடு 25 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி, தேவைப்பட்டால் 75 மி.கி. மூன்று வேளை வரை ஏற்றிப் பார்ப்பார். கொத்துத் தலைவலி என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் தவறான மருந்து தின்பவர்களை இந்த ஒரு சோதனை காப்பாற்றும். லித்தியம் ஓடினால் #5-ஐப் படியுங்கள், முதலில் அதைப் பேச வேண்டும்.

எம்ஆர்ஐ இதுவரை எடுக்கவில்லை என்றால் பிட்யூட்டரி சுரப்பியும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். பக்கம் மாறாத நிழலோடு இரட்டைப் பார்வை, ஓரப் பார்வை குறைவு, மாதவிடாய் நின்றுபோதல் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலும் கழுத்து விறைப்பும், புதிதாக வந்த இமைத் தொங்கலும் கழுத்து வலியும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

#15 இமையோரம்

இன்னொரு அவசரத்தையும் இங்கே எழுதிவிட வேண்டும். இந்த நோயில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருவது அரிதல்ல. அட்டாக்கின் உச்சத்தைவிட, நிழலோடு படுத்து அடுத்ததற்குக் காத்திருக்கும் இரவுகளில் அது அழுத்தும். வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: மாஸ்க் எங்கே, ஊசி எங்கே, எப்போது என்னைத் தனியாக விடக்கூடாது. எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடமும் சொல்லுங்கள். வலிக்கு மருந்து கேட்பது போல இதற்கும் கேட்க வேண்டும்.

#16 சாளரம்

நன்றி. கடைசியாக ஒன்று: அட்டாக் நின்று ஐந்து நாள் ஆகிறது, நிழல் மட்டும் 1 மதிப்பெண்ணில் இருக்கிறது. வெராபமிலைக் குறைக்கலாமா?

#17 குறிப்பேடு

இப்போது வேண்டாம். கடைசி அட்டாக்கிலிருந்து குறைந்தது 14 நாள் போக வேண்டும். நிழலும் நின்ற நாளிலிருந்து அந்த 14-ஐ எண்ணச் சொல்வது என் வழக்கம், கொஞ்சம் அதிகப்படி என்றாலும் பரவாயில்லை. நடுவில் 1 மதிப்பெண் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அதன்பின் மருத்துவர் சொல்லும் படிகளில் இறக்குங்கள். ஒரு படியில் நிழல் திரும்பினால் முந்தைய படிக்கே போய் நின்று, மருத்துவருக்குச் சொல்லுங்கள். சிலிண்டரை அதுவரை திருப்பிக் கொடுக்க வேண்டாம்.